தவறான விடையும் பாட வடிவமைப்பும்

கணிப்பொறிவழிக் கற்றலில் ஆசிரியரின் இடம் யாது என்னும் வினா எழும்போதெல்லாம், ஆய்வகம் அமைத்தல், கருவி வாங்குதல் என்பவற்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பாடத்தை வடிவமைக்கும் பணியோ நிரல் எழுதுவோர்க்கு உரியதென ஒதுக்கப்படுகிறது. இக்கருத்து ஆராய்தற்குரியது.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960இல் டொனால்டு பிட்சர் தலைமையில் தொடங்கப்பெற்ற 'பிளேட்டோ', கணிப்பொறிக் கல்வி முறைகளுள் முன்னோடியானது. கணிப்பொறி வல்லுநரல்லாத ஆசிரியரும் தாமே பாடம் எழுதுதற்கென, 1967இல் பால் டென்சர் 'டியூட்டர்' என்னும் மொழியை அதற்கு வகுத்தார். சரியான விடையை ஒரு கட்டளையால் குறிப்பது போலவே, எதிர்பார்க்கும் தவறான விடைகளையும் மற்றொரு கட்டளையால் தனித்தனியே குறித்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு மறுமொழி தர அம்மொழி இடமளித்தது. எந்தத் தவறு வரும் என்பதை யார் அறிவார்? ஆண்டுதோறும் விடைத்தாள் திருத்துபவரே அறிவார்.

புணர்ச்சி இலக்கணத்திற்கு நாம் அமைத்த முதற் பயிற்சியில் இதனை மறந்தோம். சொல் + தொடர் என்பதற்குச் 'சொற்தொடர்' என விடையளித்த முதலாண்டு மாணவி ஒருவருக்குத் திரை 'தவறு' என்றது. மும்முறை அதனையே இட்டார். மும்முறையும் அதே சொல். பின் எழுந்து சென்றுவிட்டார்.

'சொல்தொடர்' என எழுதுபவர், வல்லினம் வருங்கால் லகரம் றகரமாகத் திரியும் என்பதையே அறியாதவர். 'சொற்தொடர்' என்பவரோ பாதி வழி வந்துவிட்டவர். வருமொழித் தகரமும் றகரமாகும் என்பதொன்றே அவர் அறியாதது. மதுரைப் பொற்றாமரைக் குளத்தை நினைவூட்டினாற் போதும், எஞ்சியதைத் தாமே கண்டுகொள்வார். 'சொற்றோடர்' என்பது பெரும்பாலும் விரற்பிழை. அதற்கு இலக்கணம் போதிப்பது வீண். மூன்றையும் 'தவறு' என்னும் ஒரே சொல்லால் அடக்கிய பிழை கருவியினுடையதன்று, நம்முடையதே.

இன்றைய செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் விளக்கத்தைத் தாமே எழுதித் தருகின்றன. ஆயினும் அம்மாணவிக்கு முழு விதி வேண்டுமா, ஒரு சொல் வேண்டுமா என்பதை முன்னரே தீர்மானித்து அமைக்க ஓர் ஆசிரியர் வேண்டும்.

பழைய விடைத்தாள்களைப் புரட்டிப் பத்து வினாக்களை மீண்டும் அமைக்க நமக்கு மூன்று வாரங்கள் ஆயின. பாடவேளை அட்டவணையில் அப்பணிக்கு இன்றுவரை ஒரு மணி நேரமும் இல்லை.