பிறையும் செயற்கைச் சந்திரனும்: கணிப்பொறி எதைச் சொல்லும்?

ஷஃபான் 29 மாலை வந்துவிட்டால் நம் கடைகளில் ஒரே கேள்விதான்: நாளை நோன்பா, மறுநாளா? "கணிப்பொறியே சொல்லிவிட்டது, இனிப் பிறை பார்ப்பானேன்?" என்பார் ஒருவர். "வானத்துக் கணக்கை எந்திரம் அறியுமா?" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. எந்தப் பாதி என்பதை அறிய, இக்கணக்கு வளர்ந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

1948 ஜனவரியில் நியூயார்க் நகரின் 57ஆம் தெருவில், முன்பு பெண்களுக்கான காலணிக் கடை இருந்த இடத்தில், ஐ.பி.எம். நிறுவனம் ஒரு மாபெரும் கணக்கு எந்திரத்தைத் திறந்து வைத்தது. தெருவில் போவோர் கண்ணாடி வழியே நின்று வேடிக்கை பார்ப்பார்கள். (சரக்கை எங்கே வைத்தால் கண்ணில் படும் என்பதை அந்நிறுவனத்தார் நன்கு அறிந்திருந்தனர்!) அதற்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலைகளுள் ஒன்று, சந்திரன் எந்நேரத்தில் வானில் எங்கே இருக்கும் என்று கணிப்பது. வாலஸ் எக்கர்ட் என்னும் வானியல் அறிஞர் அதை நடத்தினார். ஒரு நேரத்துக்குரிய இடத்தைக் காண ஏறத்தாழ 11,000 கூட்டல் கழித்தல்களும் 9,000 பெருக்கல்களும் வேண்டியிருந்தன. எந்திரம் அவற்றை ஏழு நிமிடத்தில் முடித்தது. இன்று நம் கைப்பேசி கண்ணிமைக்கும் முன் முடிக்கிறது. இஜ்திமா எந்த நாள், எந்த நிமிடம் என்பதில் இன்று வானியலாரிடையே வழக்கே கிடையாது.

இனிச் செயற்கைச் சந்திரனுக்கு வருவோம். 1957 அக்டோபர் 4ஆம் நாள் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியது. அதைப் பார்ப்பதற்கென்றே அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் வானாய்வு நிலையத்தைச் சேர்ந்த ஃப்ரெட் விப்பிள் முந்திய ஆண்டே ஊர்தோறும் தொண்டர் குழுக்களைத் திரட்டத் தொடங்கியிருந்தார். தொண்டர்கள் சிறு தொலைநோக்கிகளுடன் வரிசையாக அமர்ந்து, வானில் அது கடந்த நேரத்தைக் குறித்து அனுப்புவார்கள். அக்குறிப்புகளை ஐ.பி.எம். 704 கணிப்பொறியில் இட்டு, அடுத்து எங்கே எப்போது தோன்றும் என்று கணித்தார்கள்.

இங்கேதான் ஒரு சிக்கல். நிஜச் சந்திரன் காற்றில்லாத வெளியில் செல்கிறது. தாழப் பறக்கும் துணைக்கோளோ மெல்லிய காற்றில் உரசிக்கொண்டே செல்கிறது. சூரியனின் கொந்தளிப்பு மிகுந்தால் மேற்காற்று விரிகிறது, உரசலும் கூடுகிறது. ஆகவே அதன் கணக்கு நாளுக்கு நாள் பழுதாகும். நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் ஓடும் பொருளில் பத்து நொடி பிசகினால் 75 கிலோமீட்டர் தவறிப்போகும்.

1980இல் அமெரிக்க வான்காப்புத் துறை தன் கணக்கு முறையை அச்சிட்டு வெளியிட்டது. வரிக்கு 69 இடங்கள் கொண்ட இரண்டே வரிகளில் ஒரு துணைக்கோளின் பாதை அடங்கிவிடும். அந்த எண்களை 1985 முதல் டி. எஸ். கெல்ஸோ என்பவர் தொலைபேசிக் கம்பி வழியே பிறர் கணிப்பொறிகளுக்குக் கிடைக்கச் செய்தார். வீட்டுக் கணிப்பொறி வைத்திருந்த ஆர்வலர்கள் அவற்றைத் தம் செயல்நிரல்களில் இட்டு மாலை வானைப் பார்க்கலானார்கள். ஆனால் எண்கள் புதியவையாக இருக்க வேண்டும். சென்ற மாதத்து விலைப்பட்டியை வைத்துக்கொண்டு இன்றைக்குச் சரக்குப் பிடித்தால் என்ன ஆகுமோ, அதே நிலைதான்.

எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், தெரியுமா தெரியாதா என்பது எளிது. நாம் இருட்டில் இருக்க வேண்டும், துணைக்கோள் வெயிலில் இருக்க வேண்டும், அது அடிவானத்துக்கு மேலே இருக்க வேண்டும். நம் பகுதியில் மாலை மறைந்த ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் பார்த்தால்தான் உண்டு. அதன்பின் அது பூமியின் நிழலுக்குள் போய்விடும்.

பிறையின் நிலை இதற்கு நேர்மாறானது. இடம் உறுதி, காட்சிதான் ஐயம். மயிரிழைபோன்ற ஒளி, அந்திவானத்தின் பிரகாசத்தோடு போட்டியிட வேண்டும். காற்றின் ஈரம், தூசி, பார்ப்பவர் கண் எல்லாம் கணக்கில் வந்துவிடுகின்றன. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய முகம்மது இல்யாஸ் இதை ஆழ்ந்து ஆராய்ந்தவர். உலகப் படத்தில் ஒரு வளைகோடு வரைந்து, அதற்கு மேற்கே பிறை தெரியக்கூடும், கிழக்கே அரிது என்று காட்டினார். 1997இல் இங்கிலாந்தின் யாலப், 295 பழைய பார்வைக் குறிப்புகளைக் கொண்டு பிறையை ஆறு தரமாகப் பிரித்தார்: எளிதில் தெரிவது முதல் தொலைநோக்கியிலும் தெரியாதது வரை. இவ்விதிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து மொன்ஸூர் அஹ்மத் எழுதிய 'மூன்கால்க்' 1990களில் இலவசமாகப் பரவியது. ஒரே மாலைக்கு ஒவ்வொரு விதியும் வேறு வேறு கோடு காட்டுவதை அதில் யாரும் பார்க்கலாம். அந்த நேர்மையே அதன் சிறப்பு என்பது நம் கருத்து.

இவ்விதிகளைச் சோதிக்க வட அமெரிக்காவில் டாகெட், ஷேஃபர் என்னும் இருவர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பிறை பார்க்க வைத்தனர். 1994இல் வெளியான அவர்கள் முடிவு நாம் கவனிக்கத் தக்கது. பழங்கால விதிகள் நம்பத்தக்கவையாக இல்லை. புதிய விதிகள் ஓரளவு சரியாக இருந்தன. பார்த்து மாதம் தொடங்கும் வழக்கத்தில், உரிய நாளுக்கு முன்னரே தொடங்கிவிடும் சாய்வு இயல்பாகவே இருக்கிறது. காரணம் விளங்கக்கூடியதே. இல்லாத பிறையைக் கண்டதாக எண்ணும் ஒருவர் போதும். காணாத ஆயிரம் பேரின் மௌனம் அறிவிப்பாகாது. அவர் பொய்யர் அல்லர். ஆவலோடு பார்க்கும் கண்ணுக்கு மேகக் கீற்றும் விமானப் புகையும் பிறையாகிவிடும்.

மலேசியாவும் சிங்கப்பூரும் இந்தோனேசியாவும் முன்பு கொண்டிருந்த அளவு, பிறை 2 பாகை உயரம், சூரியனிலிருந்து 3 பாகை விலகல், அல்லது 8 மணி நேர வயது என்பது. அது கண்ணின் ஆற்றலுக்கு மிகத் தாழ்ந்தது என்று கண்டு, 2021, 2022 ஆண்டுகளில் 3 பாகை உயரம், 6.4 பாகை விலகல் என்று உயர்த்தினார்கள். 3 பாகை என்றால் நம் பகுதியில் சூரியன் மறைந்து ஏறத்தாழ 12 நிமிடத்தில் பிறையும் மறைந்துவிடும். இவ்வளவைத் தாண்டினால் கண்ணுக்குத் தெரிந்தே தீரும் என்று பொருளன்று. இது மாதம் தொடங்க நாடுகள் ஒப்பிக்கொண்ட எல்லை.

ஆகவே, இன்ன ஊரில் பிறை தெரிந்தது என்று செய்தி வந்தால், கேட்பதற்குச் சில கேள்விகள் உண்டு. சூரியன் மறைந்து எத்தனை நிமிடத்தில் பார்த்தார்? மறைந்த இடத்துக்கு வலப்பக்கமா, இடப்பக்கமா? கொம்புகள் எத்திசை நோக்கின? பிறையின் ஒளிப்பக்கம் எப்போதும் சூரியனை நோக்கியே இருக்கும். நம் பகுதியில் தலைப்பிறை பெரும்பாலும் தோணிபோல மல்லாந்தே கிடக்கும். கொம்பு கீழ்நோக்கி இருந்தது என்று ஒருவர் சொன்னால், அவர் கண்டது வேறு ஏதோ ஒன்று. இவற்றுக்கான விடைகளைக் கைப்பேசியிலுள்ள கணக்கோடு ஒத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.