நெமோ குஞ்சுக்கு முதல் வாரம்: அக்காவின் டிப்ஸ்

தம்பி, பாப்பாவின் பிறந்தநாளுக்கு ரெண்டு நெமோ மீன், அதாவது கோமாளி மீன், வாங்கித் தரப்போவதாகச் சொன்னாய். தாராளமாக வாங்கு. ஆனால் தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்காதே. இங்கே பிம்ப்ரி-சிஞ்ச்வட்டில் காசார்வாடிக்குக் குடிவந்த புதிதில் நான் அப்படித்தான் வாங்கினேன். தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது, ஒன்பதாம் நாள் ரெண்டு குஞ்சும் செத்துப்போயின. அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது என்பது அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. அந்தத் தப்பு உனக்கு நேரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர்

நம் பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி 2019 நவம்பரில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடும் முறையைக் கொண்டுவந்தது. அதனால் தொட்டிக்கு வேண்டியதை முன்கூட்டியே பிடித்து வை. பவனா அணைத் தண்ணீர் குளோரின் கலந்து வருகிறது. அதை நேராகத் தொட்டியில் ஊற்றாதே, ஆர்.ஓ. தண்ணீர்தான் வேண்டும். வீட்டு ஆர்.ஓ. மெஷின் பலவற்றில் சுவைக்காகக் கொஞ்சம் குழாய்த் தண்ணீரையும் கலந்துவிடுவார்கள். அதனால் தண்ணீரில் கரைந்திருப்பதைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரால் அளந்து பார். பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது.

கடல் மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்பையே வாங்கு, சமையல் உப்பு ஆகாது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம், அதாவது 100 லிட்டர் தொட்டிக்கு மூன்றரைக் கிலோ. உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 காட்டவேண்டும். தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்று. உப்பு ஆவியாகாமல் தொட்டியிலேயே தங்கிவிடும் என்பதால், திரும்ப உப்புத்தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

மீன் இல்லாத தொட்டியை நாலிலிருந்து ஆறு வாரம் ஓடவிடு. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வளர அவ்வளவு நாள் பிடிக்கும். அதற்குத் தீனியாகக் கொஞ்சம் அம்மோனியாவும் தேவை. டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று வந்த பிறகு கடைக்குப் போ.

எங்கே பிறந்தது என்று கேள்

கடலில் பிடித்த மீன் வேண்டாம். நோயும் பயமும் அதற்கு அதிகம். பண்ணையில் பிறந்த குஞ்சு தொட்டிக்கும் தூள் தீனிக்கும் பழகியே வரும். நம்ம தமிழ்நாட்டில், மண்டபம் ஊரில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இந்த மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் வழியைக் கண்டு, பயிற்சியும் கொடுத்திருக்கிறது. ஆகவே கடலிலிருந்து பிடித்துத்தான் தீரவேண்டும் என்பதில்லை.

அழகுக்காகக் கடல் பவளம் வாங்கிவிடாதே. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அனிமோன் எனும் கடல் சாமந்தியும் இப்போதைக்கு வேண்டாம். பழகிய தொட்டியும் நல்ல வெளிச்சமும் இல்லாமல் அது பிழைக்காது, அது இல்லாமலே நெமோ நன்றாக வாழும். வர்ணம் பூசாத சின்னச் சுடுமண் சட்டி ஒன்றைக் கழுவி, சாய்த்து வை. அதுவே வீடாகிவிடும்.

ஜோடி சேர்ப்பது

ஒரே இனத்தில், ஒன்று கொஞ்சம் பெரிதாக, மற்றது சிறிதாக, ரெண்டு குஞ்சையும் ஒரே நாளில் விடு. இந்த மீன்கள் எல்லாமே ஆணாகப் பிறக்கின்றன. ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும், சிறியது ஆணாகவே இருக்கும். சிறியது உடம்பைச் சிலிர்த்து நடுங்கினால் பயந்துவிடாதே. “நீதான் பெரியவள்” என்று அது ஒத்துக்கொள்ளும் விதம் அது. துடுப்பு கிழிந்தாலோ, சின்னதைச் சாப்பிடவே விடாவிட்டாலோ பிரித்து வை.

வந்த நாளில்

1. மீனை முதல் சில வாரம் வைக்கும் தனித்தொட்டியின் விளக்கை அணை. பாப்பாவைக் கண்ணாடியைத் தட்டாமல் பார்க்கச் சொல்.

2. பையைப் பிரிக்காமல் 15-20 நிமிஷம் தொட்டியில் மிதக்கவிடு. வெப்பம் ஒன்றாகும்.

3. உள்ளூர்க் கடையில் வாங்கியதென்றால், மீனைப் பைத் தண்ணீரோடு வாளியில் விடு. ஏர் பைப்பில் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டு, வினாடிக்கு ரெண்டு மூணு சொட்டாகத் தொட்டித் தண்ணீரை இறக்கு. முக்கால் மணி நேரம் போதும்.

4. பார்சலில் ஒரு ராத்திரி கழித்து வந்ததென்றால் சொட்டுமுறை வேண்டாம். மூடிய பைக்குள் மீன் விட்ட மூச்சால் தண்ணீரின் பி.எச். இறங்கியிருக்கும், அதனால் அம்மோனியாவின் விஷம் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்து காற்றுப் பட்டதும் பி.எச். ஏறி, விஷமும் ஏறும். உப்பளவு எவ்வளவு என்று அனுப்புகிறவரிடம் முன்பே கேட்டு, தனித்தொட்டியை அதே அளவுக்குத் தயார் செய். பையைத் திறந்ததும் மீனை மாற்றிவிடு.

5. பைத் தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகக் கூடாது.

முதல் நாள் தீனி தேடாது. மறுநாள் முதல் ஆர்டீமியா (பொடி உப்புநீர் இறால்) அல்லது மிகப் பொடியான குருணைத் தீனி, ஒரு நிமிஷத்தில் தின்று தீரும் அளவு, நாளுக்கு மூன்று முறை.

எதற்குப் பயப்படணும், எதற்கு வேண்டாம்

ஒரே மூலையில் ஆடி ஆடி நீந்துவதும், ராத்திரி ஒருக்களித்துக் கிடப்பதும் இதன் இயல்பு. செவுள் வேகமாக அடித்தால், உடம்பில் வெள்ளைச் சளி உரிந்தால், தீனியைத் தொடாவிட்டால் தாமதிக்காதே. புரூக்ளினெல்லா என்கிற ஒட்டுண்ணி சில நாளிலேயே கொன்றுவிடும். அதனால் எந்த மீனையும் முதல் மூணு நாலு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்.

நம்ம ஊர்க் கவனம்

டிசம்பர் ராத்திரிக் குளிருக்கு ஹீட்டர் கட்டாயம். ஏப்ரல் வெயிலில் தண்ணீர்மேல் படும்படி ஃபேன் வை. 25-27 டிகிரி இருக்கட்டும். இங்கே பராமரிப்புக்காக வியாழக்கிழமைகளில் கரெண்ட் நிறுத்துவது வழக்கம், பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வை. தொட்டியை ஜன்னல் வெயிலுக்கு நேராக வைக்காதே.

பிறந்தநாள் அடுத்த மாதம்தானே? அன்றைக்குப் பாப்பாவுக்குத் தொட்டியையும் டெஸ்ட் கிட்டையும் கொடு. தினமும் அவளே சோதித்து நோட்டில் எழுதட்டும். ரெண்டும் பூஜ்யம் என்று அவள் எழுதும் நாளில் போய்க் குஞ்சுகளை அழைத்து வாருங்கள். எங்கள் வீட்டில் ரெண்டாவது ஜோடி அப்படித்தான் வந்தது. இப்போது ரெண்டும் சட்டியின் உட்புறத்தை வாயால் சுத்தம் செய்துகொண்டிருக்கின்றன. முட்டையிட இடம் பார்க்கும் மீன்தான் அப்படிச் செய்யும்.