கதிரின் சுழற்சி

இராசபாளையத்தில் 1936-ஆம் ஆண்டு பி. ஏ. சி. இராமசாமி ராஜா நூற்பாலை ஒன்றைத் தொடங்கினார். அவ்வூர் ஆலைகளுட் புகுவோர், எண்ணற்ற கதிர்கள் அணிவகுத்து நின்று ஒரே திசையிற் சுழல்வதைக் காண்பர். நூல் முறுக்கும் கதிருக்கும் ஞாயிற்றின் கதிருக்கும் தமிழில் ஒரே பெயர். ஒளிக்கதிரும் சுழற்சியைத் தாங்கி வரும் என்பதோ பலர் அறியாதது. ஃபோட்டான் என்னும் ஒளித்துகளுக்குத் தற்சுழற்சி உண்டு என்பதற்குச் சோதனைச் சான்று தந்தவர்கள் நம் நாட்டவரே. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமனும், சூரி பகவந்தமும் 1931-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர்.

ஒளியின் அதிர்வுத் திசை, கொழுகொம்பைச் சுற்றும் கொடிபோலச் சுழன்று செல்லுமாறு செய்யலாம். அத்தகைய ஒளியைக் காலியம் ஆர்செனைடு என்னும் குறைகடத்தியின்மீது வீழ்த்தினால், அதனை ஏற்ற எலெக்ட்ரான்கள் கட்டவிழ்ந்து உலவத் தொடங்கும். எலெக்ட்ரானுக்கும் தற்சுழற்சி உண்டு. அது பம்பரம்போல் உண்மையிற் சுழல்வதாக எண்ணிவிடலாகாது. எனினும் வலம், இடம் என்பனபோல் இரு நிலைகள் அதற்கு உள. சாதாரண ஒளி பட்டால் இரு நிலையிலும் சம அளவினர் இருப்பர். சுழலொளி பட்டாலோ, நால்வரில் மூவர் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமும் ஆவர். ஒளியால் எலெக்ட்ரான்களை இங்ஙனம் ஒழுங்குபடுத்தலாம் என்பதை, 1968-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் லாம்பெல் சிலிக்கனிற் காட்டினார்.

இவ்வொழுங்கு எத்துணை நேரம் நிற்கும்? ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேரை நோக்கி அனைவர் முகமும் ஒருசேரத் திரும்பியிருக்கும். தேர் கடந்ததும் நெரிசலில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் திரும்பிவிடுவர். எலெக்ட்ரான்களும் ஓடி மோதித் திசை திரும்புகையில் தம் தற்சுழற்சி நிலையை மெல்ல இழக்கின்றன. ஒரு நொடியை நூறு கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு நானோநொடி எனப்படும். தூய காலியம் ஆர்செனைடில் அவ்வொழுங்கு ஒரு நானோநொடியும் நில்லாமற் போவதுண்டு.

கலிபோர்னியாவில் கிக்காவாவும் ஆசலோமும் அதில் அயலணுக்களைச் சிறிது கலந்து, கடுங்குளிரில் வைத்து ஆராய்ந்தனர். முதல் ஒளித்துடிப்பால் எலெக்ட்ரான்களை ஒழுங்குபடுத்தி, சற்றுப் பின்னர் இரண்டாம் துடிப்பை அனுப்பினர். எஞ்சிய ஒழுங்கிற்கேற்ப அத்துடிப்பின் அதிர்வுத் தளம் திரும்பியது. 1998-இல் அவர்கள் கண்ட ஆயுள் 100 நானோநொடிக்கும் மேல்! கலப்பு மிகாமல் அளவாக இருந்ததே இதற்குக் காரணம். மாசு நன்மை செய்தது வியப்பே. தற்சுழற்சியில் செய்தியைப் பதித்து வைக்க விழைவோர்க்கு இக்காலவளவு பெரிது. ஆயினும் அறை வெப்பநிலையில் அவ்வாயுள் மிகக் குறுகிவிடுகிறது.