வலிப்பு மருந்தும் நரம்பு வலியும்

தறிக் குழியில் நாள் முழுதும் கால் மிதிக்கும் நெசவாளரும், மரவள்ளிக் காட்டில் வெறுங்காலுடன் உழைக்கும் விவசாயியும், "பாதம் எரிகிறது, ஊசி குத்துகிறது, இரவில் உறக்கமில்லை" என்று கூறுவதுண்டு. நெடுநாள் நீரிழிவு இதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. அக்கி ஆறிய இடத்திலும், தொழுநோய் தாக்கிய நரம்பிலும் இத்தகைய வலி நீடிக்கக்கூடும்.

இதற்கு டாக்டர் எழுதித் தரும் மாத்திரையை, "காக்காய் வலிப்புக்கு உரியது" என்று எவரேனும் சொல்லிவிட்டால் வீட்டார் அஞ்சுகின்றனர். பெண்ணின் திருமணம் தடைப்படுமோ என்று மருந்தையே நிறுத்திவிடுவோரும் உண்டு. வலிப்பு நோய் வெட்கத்துக்குரியதன்று. இம்மருந்தை உண்பதால் ஒருவருக்கு வலிப்பு உண்டென்று பொருளும் இல்லை.

இம்மருந்து வந்த வழி

பெனிடாயின் என்னும் மருந்து வலிப்பை அடக்கும் என்பது 1938-இல் தெரிய வந்தது. 1942-இல் பிரான்சு நாட்டு மருத்துவர் பெர்கூய்ஞான், முகத்தில் மின்னல் வெட்டுவதுபோல் தாக்கும் நரம்பு வலிக்கு அதனைப் பயன்படுத்தினார். 1962-இல் சுவீடனில் பிளோம் என்பவர் கார்பமசெபின் மருந்தால் அதே நோய்க்கு நற்பயன் கண்டார். முகநரம்பு வலிக்கு இன்றும் அதுவே முதல் மருந்து. நீரிழிவாலும் அக்கியாலும் வரும் வலிக்குப் பெரிதும் வழங்குபவை கபாபென்டின், பிரெகாபலின் என்பவை.

வேலை செய்யும் முறை

கிணற்று மோட்டாருக்குச் செல்லும் கம்பியின் உறை தேய்ந்தால் பொறி பறக்கிறது. பழுதுற்ற நரம்பும் அவ்வாறே, காயமில்லாதபோதும் வலிச் செய்தியை ஓயாது அனுப்புகிறது. வலிப்பு நோயில் மூளை நரம்புகள் அளவின்றித் துடிக்கின்றன. இரண்டிலும் மிகைத் துடிப்பே கேடாதலின், அதனைத் தணிக்கும் மருந்து இரண்டுக்கும் உதவுகிறது.

பயனின் அளவையும் அறிதல் நன்று. கபாபென்டின் உண்ணும் பத்துப் பேரில் மூன்று அல்லது நான்கு பேருக்கே வலி பாதியளவேனும் குறைகிறது. மருந்தற்ற வெறும் மாத்திரையாலும் ஒன்றிரண்டு பேருக்கு அவ்வாறு குறைவதுண்டு. ஒன்று பயன்படாவிடில் டாக்டர் வேறொன்றை எழுதுவார்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகவே கூட்டுவர். ஓரிரு நாளில் பயன் காணாது கைவிடலாகாது.

2. திடீரென நிறுத்தலாகாது, உறக்கமின்மையும், சிலருக்கு வலிப்புமே நேரிடக்கூடும். குறைப்பதும் டாக்டர் சொற்படியே.

3. மயக்கமும் தூக்கமும் வரலாம். பழகும் வரை வண்டி ஓட்டுதலும் விசைத்தறி இயக்குதலும் வேண்டா. மதுவுடன் சேர்ந்தால் மூச்சே தடைப்படலாம்.

4. சிறுநீரகக் கோளாறு உள்ளோர் முன்னரே தெரிவித்தல் வேண்டும். கபாபென்டின், பிரெகாபலின் அளவு அவர்களுக்குக் குறையும்.

5. கார்பமசெபின் உண்பவர் உடலில் தடிப்போ வாய்ப்புண்ணோ கண்டால் அன்றே மருத்துவமனை செல்க.

6. பிறர் சீட்டைக் காட்டி வாங்குதலும், அண்டை வீட்டாருக்குப் பகிர்தலும் தவறு.

இம்மருந்து வலியைத் தணிக்குமே அன்றி, பழுதான நரம்பைப் புதுப்பிக்காது. எரிச்சல் நின்றாலும் பாதம் மரத்தே இருக்கலாம்; முள் தைத்தாலும் தெரியாது. ஆகவே சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, செருப்பணிந்து, இரவுதோறும் உள்ளங்காலைப் பார்த்தல் வேண்டும். நீரிழிவு மாத்திரைகளை இல்லத்திற்கே கொணரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-இல் தொடங்கப்பெற்றது. புண் கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, சேலம், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளையோ நாடுக.

எழுத்தறியாத அங்கத்தினர்க்கு இதனைச் சங்கக் கூட்டத்தில் படித்துக் காட்டுதல் நலம்.