ஸ்டியரிங் பிடிக்கிறவர் எப்போது இலை பார்ப்பார்?

மஞ்சக்குட்டை,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் பிரிண்ட் எடுத்து இரண்டு தடவை படித்தேன். ஈரோட்டுக் குடும்பம், ஆறு பேர். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். சின்னவனுக்கு நாலு வயது. அடுத்த அக்டோபரில் ஜப்பான் போய், வாடகைக்குக் கார் எடுத்து, இலைகள் சிவப்பதைப் பார்த்துக்கொண்டே அவசரமில்லாமல் சுற்றிவர வேண்டும் என்பது அவர்கள் ஆசை. "அவசரமில்லாத பயணம்" என்று நீயே கொட்டை எழுத்தில் தலைப்பு வைத்திருக்கிறாய். அதற்குக் கீழே எட்டு நாளைக்கு முப்பத்தொரு இடம்.

கேலி செய்யவில்லை தம்பி. எனக்கும் அந்த வியாதி இருந்தது. ஏற்காட்டில் பதினொரு வருடம் டாக்ஸி ஓட்டியவன் நான். இங்கே எல்லாமே "பாயிண்ட்" கணக்கு. ஏரி ஒரு பாயிண்ட், லேடீஸ் சீட் ஒரு பாயிண்ட், பகோடா பாயிண்ட், கரடிக் குகை, சேர்வராயன் கோயில், தண்ணீர் வந்தால் கிளியூர் அருவி. எத்தனை பாயிண்ட் காட்டினோம் என்பதுதான் வாடகைக்கு நியாயம். அந்தக் கணக்கை அப்படியே தூக்கிக்கொண்டுதான் நானும் பயணத் திட்டம் போடும் தொழிலுக்கு வந்தேன்.

என் கண் திறந்தது ஒரு பார்ட்டியால். அவர்களும் அக்டோபரில்தான் ஜப்பான் போனார்கள். வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் மூன்று பேர், ஆனால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்திருந்தது மூத்த மகன் மட்டும். மற்ற இருவரும் எடுத்துவிட்டார்களா என்று நான் கேட்கவே இல்லை. தப்பு முழுக்க என்னுடையது. ஆறு நாளும் அந்த ஒருவரே ஓட்டினார். திரும்பி வந்ததும், "இலையெல்லாம் எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "போட்டோவுல நல்லா இருந்துச்சுண்ணே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பணத்தை எண்ணிக் கொடுத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். அதுதான் இன்னும் குத்துகிறது. அந்தப் பயணத்துக்குப் பணம் கொடுத்தவரே அவர்தான்.

அன்றிலிருந்து எந்தத் திட்டம் கைக்கு வந்தாலும் முதலில் ஒன்றைத்தான் பார்ப்பேன். ஸ்டியரிங் பிடிக்கிறவர் எப்போது இலை பார்ப்பார்? உன் முப்பத்தொரு இடத்திலும் அதற்குப் பதில் இல்லை. மலைப்பாதையில் ஓட்டுகிறவருக்குத் தெரிவது தார்ரோடும், முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கும்தான். இருபது வளைவையும் ஆயிரக்கணக்கான தடவை ஏறி இறங்கியவன் சொல்கிறேன், நான் டாக்ஸி ஓட்டிய காலத்தில் ஏற்காட்டைப் பார்த்ததே இல்லை. வண்டியை விற்ற பிறகு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தபோதுதான், கீழே சேலம் இவ்வளவு பெரிதாகப் பரந்து கிடக்கிறதா என்று தோன்றியது.

சரி, இலைக்கு வருவோம். "இலையுதிர் காலம்" என்று எழுதியிருக்கிறாய். அது பாடப்புத்தகத்துக் கால அட்டவணையில் இருந்து வந்த சொல். நம் ஆறு பருவத்தில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மழையும் குளிரும். நம் காடுகளில் இலை கொட்டுவது மாசி பங்குனி வெயிலில். அதனால் அக்டோபரில் இலை சிவப்பது என்றால் என்ன என்று உன் பார்ட்டிக்கு அனுபவத்தில் தெரியாது. குறிப்பிட்ட தேதிக்குப் போனால் ஊர் முழுக்க சிவப்பு விரித்து வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். அப்படி வராது என்பதை நீதான் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

எப்படி வரும் என்பதற்கு எங்கள் காப்பித் தோட்டத்தைப் பார். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த செடி என்பார்கள். இன்று எங்கள் ஊரைச் சுற்றி சில்வர் ஓக் நிழலில் அதுதான். கார்த்திகை வாக்கில் அராபிகா பழுக்கத் தொடங்கும். ஒரே கிளையில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் ஒட்டிக்கொண்டு இருக்கும். பறிக்கிற பெண்கள் கிளையை இடக்கையால் வளைத்து, சிவந்ததை மட்டும் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டு, மற்றதை விட்டுவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுவார்கள். பத்துப் பதினைந்து நாள் கழித்து அதே செடிக்குத் திரும்ப வருவார்கள். இன்றே மொத்தத்தையும் உருவிவிட வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை.

ஜப்பானிலும் நிறம் ஒரே நாளில் வருவதில்லை. வடக்கே ஹொக்கைடோவில் செப்டம்பரிலேயே தொடங்கும். தெற்கே இறங்கி இறங்கி கியோட்டோவுக்கு வர நவம்பர் இரண்டாம் பாதி ஆகிவிடும். நீ ஹொக்கைடோவையும் கியோட்டோவையும் அக்டோபரில் ஒரே வாரத்துக்குள் திணித்திருக்கிறாய். ஒன்றில் பாதி இலை கொட்டியிருக்கும், இன்னொன்று பச்சையாக நிற்கும்.

அதற்குப் பதில் ஒரு மலைச்சரிவைப் பிடி. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும். சேலத்தில் விசிறியும் ஏற்காட்டில் ஸ்வெட்டரும் அதனால்தான். குளிர் மேலிருந்து கீழே இறங்குவதுபோல நிறமும் மேலிருந்து கீழே இறங்கும். டோக்கியோவுக்கு வடக்கே நிக்கோ என்று ஒரு ஊர். அதன் உச்சியில் யூமோட்டோ, ஏறத்தாழ 1,480 மீட்டர், கிட்டத்தட்ட நம் ஏற்காடு உயரம். அங்கே அக்டோபர் தொடக்கத்திலேயே சிவந்துவிடும். கொஞ்சம் கீழே 1,269 மீட்டரில் சுசென்ஜி ஏரி. அங்கே அக்டோபர் நடுவிலிருந்து கடைசி வரை. மலைப்பாதைக்கு அக்டோபர் கடைசி. அடிவாரத்துத் தோஷோகு கோயில் பகுதிக்கு நவம்பர். அந்த வருடம் சூடு கூடி நிறம் தள்ளிப்போனால் வண்டியை முந்நூறு மீட்டர் மேலே ஏற்று. முன்னாடியே வந்துவிட்டால் கீழே இறக்கு. தேதி தவறினாலும் உயரம் கைகொடுக்கும்.

இன்னொரு வேடிக்கை, அந்த மலைப்பாதை. இரோஹாசாகா என்று பெயர். ஏறுவதற்கு ஒரு சாலை, இறங்குவதற்கு வேறொரு சாலை. ஏறும் சாலையில் எத்தனை வளைவு தெரியுமா? இருபது. நம்முடையதைப் போலவே! இறங்கும் சாலையில் இருபத்தெட்டு. நாம் வளைவுக்கு எண் போடுகிறோம். அவர்கள் தங்கள் பழைய எழுத்து வரிசையில் வளைவுக்கு ஓர் எழுத்து வைத்திருக்கிறார்கள். ஏறும்போது "இ, ரோ, ஹ" என்று தொடங்கி இருபதாவது வளைவில் "நெ" வரும். இறங்கும்போது அடுத்த எழுத்தான "ந"விலிருந்து தொடங்கும். பேரப்பிள்ளைகளுக்கு ஒரு தாளில் இந்த எழுத்துகளை எழுதிக் கொடுத்துவிடு. வளைவுக்கு வளைவு எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு வாந்தி வருவது குறைவு. எலுமிச்சம்பழம் எதற்கும் பையில் இருக்கட்டும்.

அக்டோபர் சனி ஞாயிறில் அந்தச் சாலையில் வண்டிகள் மணிக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும். கோடை விழா ஞாயிற்றுக்கிழமையில் அடிவாரத்தில் நின்றவனுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இங்கே அந்த நாட்களில் ஏற ஒரு வழி, இறங்கக் குப்பனூர் வழி என்று போலீஸ் பிரித்துவிடுவதுண்டு. அங்கே எப்போதுமே பிரிந்திருந்தும் தப்பவில்லை. ஆகவே வாரநாளில், காலை ஏழு மணிக்குள் ஏறிவிட வேண்டும். ஏறிய பிறகு மேலேயே இரண்டு ராத்திரி தங்க வை. தினமும் ஏறி இறங்கினால் மகன் தொலைந்தார். ஏறும் வழியில் அகெச்சிதைரா என்று நிறுத்தும் இடம் ஒன்று உண்டு. அங்கிருந்து ரோப் காரில் போனால் ஏரியும் 97 மீட்டர் கெகோன் அருவியும் ஒன்றாகத் தெரியும். இறங்கும் சாலையிலிருந்து அங்கே போக முடியாது. அதனால் "வரும்போது பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிடாதே.

இப்போது காகித வேலை. மகனுக்கும் மருமகளுக்கும் இருவருக்குமே அனுமதிப் புத்தகம் எடுத்துவிடு. ஆர்டிஓ அலுவலகத்தில் ஆயிரம் ரூபாய் கட்டணம், ஒரு வருடம் செல்லும். நம் லைசென்ஸ் கார்டை மட்டும் நீட்டினால் அங்கே சாவி கொடுக்க மாட்டார்கள். புத்தகம், லைசென்ஸ், பாஸ்போர்ட் மூன்றும் கையில் வேண்டும். இரண்டாவது ஓட்டுநர் பெயரையும் வாடகைச் சீட்டில் எழுத வைக்க மறந்துவிடாதே. ஆறு வயதுக்குக் கீழே குழந்தை இருக்கை கட்டாயம், அதையும் முன்பே சொல்லி வை. டோக்கியோவில் கார் எடுக்கவே வேண்டாம். அசகுசாவிலிருந்து தோபு ரயிலில் இரண்டு மணி நேரத்தில் நிக்கோ, அங்கே எடுத்துக்கொள்ளட்டும். பெரிய பெட்டிகளை ஓட்டலிலிருந்து ஓட்டலுக்குக் கூரியரில் அனுப்பும் வசதி அங்கே சர்வசாதாரணம். தாத்தா காலுக்கடியில் சூட்கேஸ் வேண்டாம்.

ஓட்டுவது நம்மைப்போல இடதுபக்கம்தான். அதனால்தான் ஆபத்து, நம் ஊர் என்று நினைத்துக் கை தன்பாட்டில் வேலை செய்யும். அங்கே ரயில்வே கேட் திறந்திருந்தாலும் ஒவ்வொரு தடவையும் நின்றுதான் தாண்ட வேண்டும். தலைகீழ் சிவப்பு முக்கோணம் கண்டால் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும், நம் மாதிரி மெதுவாக உருட்டிக்கொண்டு போகக் கூடாது. வளைவுக்கு வளைவு நாம் அடிக்கிற ஹாரன் அங்கே கிடையாது. பலகை சொன்னால் ஒழிய ஆபத்துக்கு மட்டும்தான். இறங்கும்போது கியரைக் குறைத்து இன்ஜினைப் பிடிக்க விடச் சொல். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்து அடிவாரத்தில் புகை வர நிற்கிற வெளியூர்க் கார்களை நீயும் பார்த்திருப்பாய்.

வெளிச்சத்தைக் கவனிக்க மறந்திருக்கிறாய். அக்டோபர் கடைசியில் அங்கே ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். உன் திட்டத்தில் மாலை ஐந்தரைக்கு ஒரு "வியூ பாயிண்ட்" இருக்கிறது. இருட்டைத்தான் பார்ப்பார்கள். அங்குள்ள பழைய பாணி விடுதிகளில் ராத்திரி சாப்பாடு ஆறு, ஏழு மணிக்கு. பிந்தினால் அடுப்பு அணைந்திருக்கும். பாட்டி சுத்த சைவம் என்றால் இன்றே எழுதிப் போடு. காய்கறி சூப் என்று கொண்டு வந்து வைப்பதிலும் மீன் சாறு கலந்திருக்கும். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கொண்டுபோகச் சொல்.

ஆக, எட்டு நாளில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஸ்டியரிங் வேண்டாம், அதுவும் வெளிச்சத்தில். பாக்கி நேரம் வண்டி ஓரிடத்தில் நிற்கட்டும். சுசென்ஜி கரையில் மகன் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, அப்பாவோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கடையில் வாங்கிய சூடான டீ டப்பாவை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு ஒரு முழுக் காலை ஒதுக்கு. "பகல் முழுக்க ஒன்றுமே போடாமல் எப்படிப் பணம் வாங்குவது?" என்று கேட்பாய். விசாவுக்கு நாள்வாரியாகப் பட்டியல் கேட்பார்கள், அதில் சுசென்ஜி என்று ஒரு வரி போதும். பார்ட்டிக்கு நேரில் உட்கார்ந்து விளக்கு. விளக்கியும் முப்பத்தொரு இடம் வேண்டும் என்றால் அவர்கள் வேறு ஆளிடம் போகட்டும்.

ஒரு நாளை அடியோடு காலியாக விடு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் எங்கள் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுபோனது. அன்றே ரயில் பிடிக்க வேண்டிய பார்ட்டி ஒன்று மேலே மாட்டிக்கொண்டு பட்ட பாட்டை நான் பார்த்தேன். ஜப்பானிலும் அக்டோபர் புயல் மாதம்தான். விமானத்துக்கு முந்தைய நாளை மலைமேல் வைக்காதே.

மற்றதை நேரில் பேசலாம். ஏற்காட்டு லூப் ரோடு 32 கிலோமீட்டர். நம் ஆட்கள் ஒரு மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடுவார்கள். அதற்கு ஒரு முழு நாள் திட்டம் போட்டு எடுத்து வா, அதுதான் உனக்குப் பரீட்சை. செவ்வாய் அல்லது புதன் வா, சனி ஞாயிறு வேண்டாம். வண்டியை நீயே ஓட்டு. பஸ்ஸில் ஏறி வந்து என்னை ஏமாற்றாதே. வழியில் என்ன பார்த்தாய் என்று வாசலிலேயே கேட்பேன். மதியச் சாப்பாடு இங்கேதான், அண்ணி கேட்டு வைக்கச் சொன்னாள், மிளகுக் குழம்பு போதுமா என்று. கிளம்பும் முன் ஒரு போன் பண்ணு. நேற்று ராத்திரியிலிருந்து மழை விடவில்லை.

அன்புடன்,
அண்ணன்