ஒரு விரற்கடை காற்று

போர்ட் கிள்ளான்

அன்புத் தம்பிக்கு,

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை வாங்கிச் சீர்படுத்தப் போகிறாய். எஞ்சினைப் பற்றியும் டயரைப் பற்றியும் ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். எக்ஸாஸ்ட் குழாய்க்கும் வண்டியின் அடித்தளத்துக்கும் நடுவே இருக்கும் மெல்லிய வெப்பத்தடுப்புத் தகட்டைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பது அரிது. உப்புக்காற்று அடிக்கும் நம் ஊரில் முதலில் கழன்று ஆடுவது அதுதான். குனிந்து பார்த்தால் காரணம் தெரியும். போல்ட் அப்படியே இருக்கும். அதன் தலையைச் சுற்றியுள்ள தகட்டைத் துரு தின்று, துளை காசு அளவுக்கு விரிந்திருக்கும். வண்டி சும்மா நின்று ஓடும்போது கிலுகிலுவென்று சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து தகட்டையே வெட்டி எறிவது பல பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. விரிந்த துளையை மூடும் அளவுக்குப் பெரிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாஷர் ஒன்றை வைத்து முடுக்கினாலே சத்தம் நின்றுவிடும். அதுகூடச் செய்யாமல் வெட்டுகிறார்கள் என்றால், அந்தத் தகடு என்ன வேலை செய்கிறது என்பது புரியாததுதான் காரணம்.

தகடு வெப்பத்தைத் தடுக்கிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் தடுப்பதில் பெரும்பங்கு, தகட்டுக்கு இருபுறமும் இருக்கும் காற்று இடைவெளிக்கு உரியது. சூடான குழாய் தன்னைத் தொடாத பொருளையும் கதிர்வீச்சால் சுடும். அந்தக் கதிர்வீச்சு, கெல்வின் கணக்கிலான வெப்பநிலையின் நான்காம் அடுக்கோடு உயரும் என்பது 1879-இல் ஜோசப் ஸ்டெஃபான் கண்ட விதி. கணக்குப் போட்டுப் பார். துருவேறிய குழாய் 250 டிகிரி செல்சியஸில் இருந்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 3.4 கிலோவாட் வெளிவிடும். 450 டிகிரிக்குப் போனால் 12 கிலோவாட்டைத் தாண்டிவிடும். உச்சிவெயில் தருவதே ஏறத்தாழ 1 கிலோவாட்தான். பளபளப்பான தகடு குழாயின் கதிர்வீச்சில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். சேறு பூசிக் கறுத்த தகடுகூட, இடைவெளி மட்டும் இருந்தால் ஏறத்தாழப் பாதியையாவது மறிக்கும். அந்த இடைவெளியில் சேறு அடைத்துக்கொண்டாலோ, தகடு வளைந்து குழாயைத் தொட்டாலோ வெப்பம் நேராக ஏறிவிடும். அதனால் குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை, அதாவது 15 முதல் 20 மில்லிமீட்டர், தகட்டுக்கு மேலேயும் அதே அளவு என்று விட்டுப் பொருத்து. தகட்டை அடித்தளத்தோடு ஒட்டி அறைவது வீண் வேலை.

‘என்னுடையது பழைய டீசல், கேட்டலிடிக் கன்வர்ட்டரே கிடையாது, அவ்வளவு சூடு எங்கிருந்து வரும்?’ என்று கேட்பாய். நெடுஞ்சாலையில் காற்று அடித்துக்கொண்டு போகும்போது உன் வாதம் ஓரளவு சரி. கேரித் தீவு போன்ற செம்பனைத் தோட்ட மண்பாதையில், முதல் கியரில், சக்கரம் சேற்றில் சுழல வண்டி முக்கிக்கொண்டு நகரும்போது நிலைமை வேறு. எஞ்சினுக்குப் பாரம் அதிகம், அடியில் காற்றோட்டம் இல்லை. போதாததற்கு, எஞ்சினை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் குழாயின் சூடு பக்கத்துப் பொருள்களில் ஏறிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் என்ன இருக்கிறது? பிரேக் குழாயும் எரிபொருள் குழாயும் மின்கம்பிகளும். புதிய டாட் 3 பிரேக் திரவம் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் உறிஞ்சிய திரவத்துக்கு அந்த விதி கேட்பது 140 டிகிரிதான். நம் ஊர் ஈரப்பதத்தில் பழைய வண்டியின் திரவம் அந்தக் கீழ் எல்லையை நோக்கி இறங்கியிருக்கும். திரவம் கொதித்துக் குமிழி விட்டால் இறக்கத்தில் பிரேக் மிதி தரைவரை போய்விடும். தகட்டை வெட்டி எறிந்தவர் தீயை மட்டும் நினைத்திருப்பார். இதை நினைத்திருக்க மாட்டார்.

தீ என்றதும் ‘தினம் மழை பெய்கிற நாட்டில் தீயா?’ என்பார்கள். மழை பெய்யும் நாடுதான். ஆனாலும் 2005 ஆகஸ்டில் புகைமூட்டத்தால் காற்று மாசுக் குறியீடு 500-ஐத் தாண்டி, போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டதை இந்த ஊர் மறக்கவில்லை. அந்தப் புகையில் பெரும்பகுதி சுமத்ராவிலிருந்து வந்தது. கிள்ளானுக்குத் தெற்கே ஜொஹான் செத்தியாவின் கரிமண் நிலம் வறட்சி மாதங்களில் எரிவதோ நம் சொந்தத் தீ. சில வாரம் வெயில் காய்ந்தாலே லாலாங் புல் சருகாகிவிடும். உலர்ந்த புல் சுமார் 300 டிகிரி சூட்டில் பற்றிக்கொள்ளக்கூடும்.

எதிர்வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. தகட்டின் மேலேயே புல் சேர்ந்து எரியாதா, தகடு இல்லாவிட்டால் புல் தங்காதே என்பது அது. ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு ரேஞ்சர், எவரெஸ்ட் வண்டிகளின் டீசல் துகள் வடிகட்டியருகே உயரமான புல் சேர்ந்து தீப்பிடிக்கலாம் என்று அவற்றைத் திரும்ப அழைத்தார்கள். ஆகவே இந்த அச்சத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் தகடு இல்லாத வண்டியிலும் குறுக்குச் சட்டத்திலும் கியர்பாக்ஸ் இடுக்கிலும் புல் சிக்கும். அங்கே அதற்கும் சுடுகுழாய்க்கும் நடுவே ஒன்றுமே இருக்காது. தகட்டின் முன்விளிம்பு புல்லை வாரிக்கொள்ளாதபடி மேல்நோக்கி வளைத்து, பின்முனையைத் திறந்து விடு. நான்கு போல்ட்டைக் கழற்றினால் தகடு கையோடு வரும்படி பொருத்து. காட்டுப் பயணம் முடிந்ததும் டார்ச் அடித்துப் பார்த்து, சேர்ந்ததை உருவிப் போடு. கண்ணாடி இழைத் துணியைக் குழாயைச் சுற்றிக் கட்டச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். பந்தய வண்டிக்கு அது பொருந்தலாம். இங்கே அந்தத் துணி மழையையும் உப்பையும் உறிஞ்சி வைத்துக் குழாயை வெளியிலிருந்தே அரிக்கும். ஒழுகும் எண்ணெயைக் குடித்திருந்தால் அதுவே திரியாகவும் ஆகிவிடும்.

பொருத்தும்போது ஒன்றைக் கவனி. ஒரு மீட்டர் இரும்புக் குழாய் 400 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளும். தகட்டைக் குழாயிலேயே பிடிக்க வேண்டியிருந்தால், ஒரு முனையை மட்டும் இறுக்கிவிட்டு மறுமுனைக்கு வட்டத் துளைக்குப் பதில் நீள்துளை போடு. வட்டத் துளையானால் தகடு முறுக்கிக்கொண்டு ஓரத்தில் கிழியும். சேசிஸில் பிடிப்பதாக இருந்தால், குழாயை ஜாக்கி வைத்து மெல்லத் தூக்கியும் பக்கவாட்டில் அசைத்தும் பார்த்து, அப்போதும் இடைவெளி மிஞ்சுகிறதா என்று பார். வெறும் அலுமினியத் தகடு 660 டிகிரியில் உருகும். அதற்கு வெகுமுன்பே வலுவிழக்கும். மேனிஃபோல்டை ஒட்டிய இடத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு போடு. அலுமினியத்தைப் பின்பகுதிக்கு வைத்துக்கொள்.

பழைய தகட்டைக் கழற்றும்போது இரண்டு உலோகத் தாள்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் நார்போல ஏதாவது தெரிந்தால் சுரண்டாதே, காற்றடித்து ஊதாதே. அந்தக் காலத்து வண்டிகளில் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். தண்ணீர் தெளித்து நனைத்து, தகுந்த முகமூடி போட்டு, முழுதாகவே எடுத்துத் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி வை. மற்றக் குப்பையோடு அதைச் சேர்க்காதே.

அன்புடன்,
உன் அண்ணன்