நீர்க்குடம் சுமந்த தோள்

பதினான்கு வயது நிரம்பாத பையன் ஒருவன், மழித்த தலையும் ஈர வேட்டியுமாக, துளையிட்ட நீர்க்குடத்தைத் தோளில் தாங்கித் தகப்பனாரின் சிதையை மூன்று முறை சுற்றி வந்து, குடத்தைப் பின்னால் விட்டுடைத்து, திரும்பிப் பாராமல் கொள்ளி வைத்துவிட்டு மயானத்திலிருந்து வெளியே வந்தபோது, அங்கே நின்றிருந்த பெரியவர்கள் ஒருவர் பின் ஒருவராக அவன் முதுகைத் தடவி, "இனிமே நீதாண்டா வீட்டுக்கு ஆம்பளை, அழப்படாது, அம்மாவைப் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன். காவிரிக் கரையிலுள்ள அந்தச் சிற்றூரில், தைரியம் சொல்லுவதாக எண்ணிக்கொண்டு நாங்கள் அன்று எவ்வளவு பெரிய பாரத்தை அந்தத் தோளில் ஏற்றினோம் என்பதை அறிந்துகொள்ள எனக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் பிடித்தது.

அவன் அழவில்லை. பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் போனான். ரேஷன் கடையில் வரிசையில் நின்றான். தங்கையைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய் விட்டான். "சின்னப் பிள்ளைதானே, நாலு நாளில் மறந்துவிட்டான்" என்று பந்துக்கள் ஆறுதலடைந்தார்கள். அந்த நம்பிக்கை தவறானது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தைச் சார்ந்த பகுதியில் பிலிஸ் சில்வர்மன், வில்லியம் வோர்டன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், தாயையோ தந்தையையோ பறிகொடுத்த 125 பிள்ளைகளை இரண்டு வருஷ காலம் தொடர்ந்து கவனித்தார்கள். பெரும்பாலோர் தாமாகவே தேறிவந்தார்கள் என்பது உண்மை. ஆயினும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான மனத்துன்பம் கண்டது. பெற்றோரை இழக்காத பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் உள்ள வேற்றுமை, முதல் வருஷத்தைவிட இரண்டாம் வருஷத்தில்தான் தெளிவாகப் புலப்பட்டது. தலைத் திவசம் முடிந்து, ஆறுதல் சொல்ல வந்தவர்களெல்லாம் தத்தம் காரியத்தைப் பார்க்கப் போய்விட்ட பிறகுதான் பிள்ளையின் துக்கம் மெல்லத் தலைதூக்குகிறது என்பது, நம் ஊர் வழக்கங்களை நன்கறிந்த எவரும் ஊன்றி நினைக்க வேண்டிய செய்தி.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பத்தாம் நாளே பையன் பந்து விளையாடப் போய்விட்டால், "தகப்பன் போன வருத்தமே இல்லை" என்று பழிக்கிறோம். துக்கப்படுகிற மனம் இழப்பின் பக்கம் சற்று நேரமும், நடக்க வேண்டிய வாழ்க்கையின் பக்கம் சற்று நேரமுமாக மாறி மாறி அலைவதுதான் அதன் இயல்பு என்று மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1999-இல் எடுத்துக்காட்டினார்கள். விளையாட்டுத் திடலில் அந்தப் பிள்ளை இளைப்பாறுகிறான். இரவில் அவன் மறுபடியும் தகப்பனிடம் திரும்புவான். படித்தவர்களிடம் வேறொரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று துக்கம் ஐந்து படிகளில் முறையாக இறங்கிவரும் என்பது அது. எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல வைத்தியர் 1969-இல் எழுதிய நூலில் அந்தப் படிகளைக் கண்டது, மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம். அதைத் துக்கம் காக்கும் பிள்ளைகளுக்கு அளவுகோலாக வைத்து, "இன்னும் மூன்றாம் படியிலேயே நிற்கிறானே" என்று கவலைப்படுவதில் பயனில்லை.

நான் சொல்லவந்த பையனுக்கு ஏழாம் மாதம் வந்தபோது விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்புக் கண்டது. கைப்பந்தை நிறுத்திவிட்டான். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுந்தான். அரைப்பரீட்சையில் அவனுக்குப் பிடித்த கணக்கிலேயே தவறிவிட்டான். கண்டிக்க ஆளில்லாததால் வந்த திமிர் என்று தெருவில் சொன்னார்கள். மனச்சோர்வு என்றால் மூலையில் உட்கார்ந்து கண்ணீர் வடிப்பது என்றே நாம் எண்ணியிருக்கிறோம். பெரியவர்களுக்கு வருத்தமாக வெளிப்படுகிற நோய், இளம் பிராயத்தினரிடம் பெரும்பாலும் சிடுசிடுப்பாகவும் கோபமாகவும் வெளிப்படும் என்பதை மனநல வைத்தியர்கள் நோயின் இலக்கணத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் துக்கமும் நோயும் ஒன்றுதானா என்று கேட்கத் தோன்றும். துக்கம் அலைபோல வரும், போகும். இடையிடையே சிரிப்பும் வரும். "அப்பா இருந்திருந்தால்" என்று அது போனவரைச் சுற்றியே சுழலும். மனச்சோர்வு நோயோ இரண்டு வாரங்களுக்குக் குறையாமல், நாளின் பெரும்பகுதி, அநேகமாக ஒவ்வொரு நாளும், மூடுபனிபோல அசையாமல் நிற்கும். உறக்கத்தையும் பசியையும் படிப்பையும் நட்பையும் ஒருசேர விழுங்கும். "அப்பா இல்லையே" என்பதோடு நிற்காமல், "நான் எதற்கும் உதவாதவன், நானே குற்றவாளி" என்று பிள்ளையின் மீதே திரும்பும். துக்கத்தின் நிலத்திலேயே இந்த நோயும் முளைக்கக்கூடும் ஆதலால், "தகப்பனை இழந்தவன் வாடத்தானே செய்வான்" என்று சொல்லி நோயைக் காணாமல் விட்டுவிடுவது எளிது.

அந்த வீட்டில் நடந்ததும் அதுவே. அவன் மனம் நோகக் கூடாதென்று அம்மா தகப்பனாரின் பேச்சையே எடுப்பதில்லை. அம்மா அழுவாளென்று அவனும் எடுப்பதில்லை. ஒருவர்மீது ஒருவர் வைத்த அன்பினாலேயே அந்த வீட்டில் மௌனம் குடியேறியது. கடைசியில் அவனுடைய கணக்கு ஆசிரியை, மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போகும்படி தாயிடம் வற்புறுத்தினார். "பைத்தியத்துக்கா வைத்தியம்?" என்று அந்த அம்மாள் முதலில் கலங்கினார். அங்கே மூன்றாவது சந்திப்பில்தான் பையன் வாய் திறந்தான். அன்று மாலை அப்பா கூப்பிட்டபோது, "சும்மா இருப்பா" என்று சீறினானாம், அன்றிரவே மாரடைப்பு, ஆகவே அப்பாவைக் கொன்றது தானே என்று ஏழு மாதமாக ஒருவரிடமும் சொல்லாமல் சுமந்திருந்தான். "நீதான் ஆம்பளை" என்று நாங்கள் வைத்த பாரத்துக்கு அடியில் இந்தப் பாரமும் இருந்தது. அழுவதற்கும் குற்றத்தைச் சொல்வதற்கும் இருந்த ஒரே வழியை நாங்கள் அல்லவா அடைத்துவிட்டோம்!

வைத்தியர் அவனிடம், "செத்துப்போகலாம் என்று எப்போதாவது தோன்றியதா?" என்று நேரிடையாகக் கேட்டார். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்பது ஊரெங்கும் பரவிய அச்சம், அது உண்மையன்று. கேட்பதனால் அந்த எண்ணம் பிறப்பதில்லை. முன்பே அதைச் சுமந்திருக்கிறவனுக்கோ கேள்வியே இளைப்பாற ஒரு திண்ணையாகிறது. சென்னையில் 1986-ஆம் ஆண்டில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு செய்துவரும் தொண்டு முழுவதும், கேட்பதிலும் செவிசாய்ப்பதிலும் வைத்த நம்பிக்கையின்மேல் நிற்பது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, தண்டனைக்குப் பதில் பராமரிப்பைக் கட்டளையிடுகிறது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசுவதற்கு டெலி மானஸ் என்ற அரசாங்க உதவி எண் 14416 இருக்கிறது; அதை ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் எழுதிவைக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரை பழக்கமாகிவிடும் என்ற பயத்தையும் விட்டுவிட வேண்டும். இந்த மருந்துகள் போதை தருவனவல்ல. இன்னும் வேண்டும் என்ற வேட்கையை எழுப்புவனவுமல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். வைத்தியரைக் கேளாமல் திடீரென்று நிறுத்தலாகாது. இளையோர் சிலருக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் மிகுதல் கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004-இல் எச்சரித்திருப்பதால், அந்த நாட்களில் வீட்டார் அருகிருந்து கவனிப்பது அவசியம். அந்தப் பையனுக்கு ஃபுளுவாக்ஸிடின் என்ற மாத்திரையைச் சில மாதம் கொடுத்தார்கள். அதைவிட முக்கியமாக, வாரந்தோறும் பேச்சுச் சிகிச்சை நடந்தது. மனம் வந்தபின் விளையாடலாம் என்று காத்திராதே, பத்து நிமிஷம் விளையாடப் போ, மனம் பின்னால் வரும் என்றார் வைத்தியர். சீறிய ஒரு சொல்லால் இருதயம் நிற்பதில்லை என்பதையும், இரத்தக்குழாய் அடைபட்ட விதத்தையும், தாளில் படம் போட்டுக் காட்டினார். அம்மாவையும் உடன் உட்காரவைத்து, இனி வீட்டில் தகப்பனாரின் பேச்சை எடுக்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார்.

இரண்டாம் திவசத்தன்று நான் போயிருந்தேன். தகப்பன் போகும்போது ஐந்து வயதாயிருந்த தங்கை, திண்ணையில் அவனருகே உட்கார்ந்து, "அண்ணா, அப்பா நம்மளை எப்படிக் கூப்பிடுவார்? எனக்கு நெனப்பே இல்லையே" என்று கேட்டாள். அவன் சற்று நேரம் தெருவைப் பார்த்தான். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு வருகிறவர்போல, அவள் பெயரை நீட்டி ஒரு முறை கூப்பிட்டான். உள்ளே அடுப்படியில் இருந்த அம்மா கையிலிருந்த கரண்டியோடு நிலைப்படிக்கு வந்து நின்று, "இல்லடா, இன்னும் கொஞ்சம் கனமா" என்றார்.